லேனாளும் சின்னம்மாவும்

சென்ற நத்தார் விடுமுறைக்கு எம் தங்கையின் பிள்ளைகள் பேசாலைக்கு வந்திருந்தனர். வாடைக் காற்று வீசும் மாதம். வடகடல் கொந்தளித்துக் கொண்டிருந்தமையால் தோணிகள் கரையேற்றப்பட்டிருந்தன. வெளியே தூறல், உள்ளே பலகார மணம். அத்தகைய ஓர் அந்தி வேளையில், உயர்தர வகுப்பிற் பயிலும் மூத்த மருமகள் எம்மை நோக்கி, "மாமா, நீங்கள் சின்னப்பிள்ளையாய் இருந்த காலத்தில் நத்தாருக்கு என்ன படம் பார்த்தீர்கள்?" என்று வினவினாள்.

நாம் சற்றும் தயங்காமல், "ஞானசௌந்தரி" என்றோம்.

சொல்லிய பின்னரே தயக்கம் வந்தது. அடுத்த அறையிலே சின்னம்மா இருந்தார். அந்தப் பெயர் அவர் செவியில் விழுந்திருக்குமோ என்று எம் நெஞ்சு துணுக்குற்றது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் முன்னிலையில் நாம் உச்சரியாத பெயர் அது. அதன் காரணத்தை வாசகர்களுக்குச் சொல்வதற்கே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

மணலிலே ஒரு கொட்டகை

பேசாலை, மன்னார்த் தீவின் வடகரையிலே, மன்னார் நகரிலிருந்து தலைமன்னாருக்குச் செல்லும் வழியில் அமைந்த மீனவர் ஊர். வெற்றி அன்னையின் ஆலயத்தைச் சூழ்ந்து வளர்ந்த கத்தோலிக்க ஊர். தவக்காலம் வந்தால் பாஸ், திருநாள் வந்தால் கூத்து என்று வாழ்ந்த எம் மக்களுக்கு 1982ஆம் ஆண்டு நத்தார் ஒரு புதுமையைக் கொண்டு வந்தது. தேசிய ரூபவாஹினி அவ்வாண்டு பெப்ரவரியிலேதான் ஒளிபரப்பைத் தொடங்கியிருந்தது. தொலைக்காட்சிப் பெட்டி என்பது எம்மிற் பலர் கண்ணாற் காணாத பொருள். அந்த நிலையிலே, ஊர் இளைஞர் சிலர் வீட்டுக்கு ஐந்து ரூபா சேர்த்து, மன்னாரிலிருந்து ஒரு தொலைக்காட்சிப் பெட்டியையும், வீடியோ டெக்கையும், மின் பிறப்பாக்கி இயந்திரத்தையும் வாடகைக்கு எடுத்து வந்தனர்.

கடற்கரையை அடுத்த மணல் வெளியிலே நான்கு கம்பு நட்டுக் கிடுகு வேய்ந்து ஒரு கொட்டகை போட்டார்கள். மேசையின்மேற் பெட்டி, பெட்டியின்மேல் ஒரு மாலை. முன்னாலே பனையோலைப் பாயில் சிறுவர்கள். அவர்களுக்குப் பின்னால் பெண்கள். ஓரத்திலே சுருட்டும் கையுமாக ஆண்கள். இயந்திரத்தின் இரைச்சல் ஒருபுறம், கடலின் இரைச்சல் மறுபுறம். இவ்விரண்டுக்கும் நடுவே "ஞானசௌந்தரி" தோன்றினாள்.

சிட்டாடல் நிறுவனத்தார் தயாரிக்க, எப். நாகூர் இயக்கி, 1948இல் வெளிவந்த படம் அது. எம். வி. ராஜம்மா ஞானசௌந்தரியாகவும், டி. ஆர். மகாலிங்கம் இளவரசன் பிலேந்திரனாகவும் நடித்தனர். இசை எஸ். வி. வெங்கட்ராமன். அதே ஆண்டில் ஜெமினி அதிபர் எஸ். எஸ். வாசனும் இதே கதையைப் படமாக்கி வெளியிட்டார். ஆயின் சிட்டாடலின் படம் மக்கள் மனத்திலே பதிந்துவிட்டபடியால், வாசன் தம் படத்தைத் திரையரங்குகளிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டார். பெரும் பொருட்செலவுக்கும் பெரும் விளம்பரத்துக்கும் பெயர்போன ஒருவரைப் பின்வாங்கச் செய்த படம் என்றால் அதன் செல்வாக்கை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

எம் ஊர்ப் பெரியோருக்கோ அது புதிய கதையன்று. ஞானசௌந்தரி நாடகம் மன்னார்ப் பகுதியிலே கூத்தாக ஆடப்பட்டு வந்த ஒன்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதனைப் பதிப்பித்து 1967இல் அச்சேற்றினார். ஆகவே அன்றிரவு படம் ஓடும்போதே, "இனிப் பார், கையை வெட்டப் போறாங்கள்" என்று முன்கூட்டிச் சொல்லும் கிழவிகளுக்குக் குறைவிருக்கவில்லை.

கதை இதுதான். தாயை இழந்த அரசகுமாரி ஞானசௌந்தரி. மாற்றாந்தாய் லேனாள் அவள்மீது பொறாமை கொண்டு, அவளைக் காட்டுக்குக் கொண்டு சென்று கொன்றுவிடும்படி ஆட்களை ஏவுகின்றாள். அவர்கள் உயிரைப் பறிக்க மனமின்றி, சான்றுக்காக இரு கைகளையும் துண்டித்துவிட்டு அவளை விட்டுச் செல்கின்றனர். பிலேந்திரன் அவளைக் கண்டு, இரங்கி, மணம் புரிகின்றான். அவன் பிரிந்திருக்கும் வேளையிலே லேனாளின் பொய்க் கடிதம் ஒன்று வந்து சேர, கையிழந்த அந்தத் தாய் தன் குழந்தைகளுடன் மீண்டும் காட்டுக்கு அனுப்பப்படுகின்றாள். அங்கே தேவமாதாவை நோக்கி மன்றாட, இழந்த கைகள் மீள வருகின்றன.

ஒன்பது வயதுச் சிறுவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கை வெட்டுண்டபோது நாம் அழுதோம். கை வந்தபோது எழுந்து நின்று ஆர்ப்பரித்தோம். அதற்குப் பின்பு வந்த மூன்று நத்தார்களிலும் அதே படத்தையே கேட்டு வாங்கிப் பார்த்தோம்.

எம் வீட்டு லேனாள்

எம்மைப் பெற்ற தாய், தங்கை பிறந்த மறு வருடம் காய்ச்சலில் இறந்தார். அப்போது எமக்கு வயது ஏழு. அடுத்த ஆண்டு எம் தந்தையார் வங்காலையிலிருந்து மறுமணம் செய்து வந்தவரே சின்னம்மா. அதிகம் பேசமாட்டார். விடியுமுன் எழுவார், கருவாட்டுக்கு உப்பிடுவார், தங்கையை இடுப்பில் வைத்தபடியே சமைப்பார். அவர் எம்மிடம் அன்பாயிருந்தாரா என்று அந்த நாளிலே கேட்டிருந்தால் எம்மாற் பதில் சொல்ல முடிந்திராது. அன்பு என்றால் கட்டியணைப்பது என்று எண்ணியிருந்த வயது.

முதல் நத்தார் இரவிலே, லேனாள் திரையில் தோன்றிச் சூழ்ச்சி செய்யத் தொடங்கியதும் பெண்கள் பக்கமிருந்து வசைமாரி பொழிந்தது. அப்போது அயல் வீட்டுப் பெண்ணொருத்தி எம் தலையைத் தட்டி, "என்னடா பாக்கிறாய்? உங்கட வீட்டிலயும் ஒரு லேனாள் இருக்கிறாவெல்லே!" என்றாள். சுற்றியிருந்தோர் சிரித்தனர். விளையாட்டாகச் சொன்ன சொற்றான். ஆயினும் நாம் திரும்பிப் பார்த்தோம். உறங்கும் தங்கையை மடியிலே கிடத்தியவண்ணம் சின்னம்மா இருந்தார். திரையின் ஒளி அவர் முகத்தில் விழுந்தது. அவர் சிரிக்கவில்லை, எழுந்து செல்லவுமில்லை. ஓரத்தில் இருந்த எம் தந்தையாரும் அதைக் கேட்டார். கேட்டுவிட்டு, அணைந்துபோன சுருட்டை மீண்டும் பற்றவைத்துக்கொண்டு கடற்பக்கம் பார்த்தார்.

மறுநாட் காலை, கிணற்றிலிருந்து நீர் அள்ளி வரும்படி சின்னம்மா எம்மைப் பணித்தார். நாம் மறுத்தோம். அவர் இரண்டாம் முறை சொன்னார். அப்போது நாம், முற்றத்திலே நால்வர் கேட்க, "நீ என்ரை அம்மா இல்லை. நீ லேனாள்!" என்று கத்தினோம்.

அவர் கையிலே உப்பு இருந்தது. அதை மீன்மேற் தூவி முடித்தார். பின்பு வாளியை எடுத்துக்கொண்டு தாமே கிணற்றுக்குச் சென்றார். தந்தையாரிடம் அதைப்பற்றி ஒரு வார்த்தையும் அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எமக்கு அடி விழுந்திருக்கும், கணக்குத் தீர்ந்திருக்கும். சொல்லாமல் விட்டமையால் அது தீராமலே நின்றுவிட்டது.

பழி சுமந்த பெண்கள்

பின்னாளிலே நூல்களைப் படிக்கும் பழக்கம் ஏற்பட்டபோது, இக்கதை எம் கரைக்கு மாத்திரம் உரியதன்று என அறிந்தோம். கையிழந்த பெண்ணின் கதை ஐரோப்பாவெங்கும் பல நூற்றாண்டுகளாக வழங்கி வந்துள்ளது. 13ஆம் நூற்றாண்டிலே பிரான்சிய நாட்டுக் கவிஞர் பிலிப் த ரெமி அதனை நெடுங்கவிதையாகப் பாடினார். ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட தம் கதைத் தொகுதியிலே அதனைச் சேர்த்தனர்.

மாணவர்கள் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று இங்குண்டு. எல்லா வடிவங்களிலும் கை போகின்றது, கடிதம் திரிக்கப்படுகின்றது, கை மீள்கின்றது. ஆனால் குற்றவாளி மட்டும் ஊருக்கு ஊர் மாறுகின்றார். பிரான்சியக் கவிதையிலே கடிதத்தைத் திரிப்பவள் மாமியார். கிரிம் கதையிலே கையை வெட்டுபவன் பெற்ற தந்தை. கடிதத்தைத் திரிப்பவன் சாத்தான். எம் மன்னார்க் கூத்திலும் தமிழ்ப் படத்திலும் அந்தப் பழி மாற்றாந்தாயின் தலையில் விழுந்தது.

அதே கிரிம் சகோதரர்கள் வேறொரு காரியமும் செய்தனர். பனிபோல் வெண்மையான சிறுமியைக் கொல்ல ஏவும் அரசி, 1812ஆம் ஆண்டுப் பதிப்பிலே அச்சிறுமியைப் பெற்ற தாயேயாவாள். 1819ஆம் ஆண்டுப் பதிப்பிலே அவளை மாற்றாந்தாயாக ஆக்கிவிட்டனர். காட்டிலே கைவிடப்பட்ட ஹான்சல், கிரேத்தல் என்னும் பிள்ளைகளின் கதையிலும் முதலிற் பெற்ற தாயாக இருந்தவள் 1840ஆம் ஆண்டுப் பதிப்பிலே மாற்றாந்தாயானாள். பெற்றவள் தீமை செய்தாள் என்று குழந்தைகளுக்குச் சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை போலும். அந்தத் தாயைக் காப்பாற்றும் பொருட்டு இன்னொருத்தியை உள்ளே கொண்டு வந்தார்கள்.

எம் நாட்டுக் கதைகளிலும் துருவனை மடியிலிருந்து இறக்கிவிட்ட சுருசியை யாவரும் அறிவர். கைகேயியையும் அறிவர். ஆனால் தாயற்ற பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாக வளர்த்துவிட்டுப் பெயரின்றிப் போன பெண்களைப் பற்றிக் கதைகள் அரிது. அத்தகையோர் எம் ஊரிலே தெருவுக்கு ஒருவர் இருந்தனர். கடல் ஆண்களைக் கொண்டு போகும். பிரசவம் பெண்களைக் கொண்டு போகும். எஞ்சியோர் ஒருவர் பிள்ளையை ஒருவர் வளர்த்தே அந்தக் கரை நிலைத்தது.

எம் சின்னம்மாவின் கதையும் அத்தகையதே. 1990இல் போர் மூண்டபோது, இரவோடிரவாக ஒரு வள்ளத்தில் இந்தியக் கரைக்குச் சென்றோம். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தூரந்தான். ஆயினும் நெரிந்த வள்ளத்திலே அது முடிவில்லாத தூரம். உள்ளே ஏறிய நீரைச் சின்னம்மா விடியும்வரை பேணியால் அள்ளிக் கொட்டிக்கொண்டே வந்தார். மண்டபம் முகாமிலே நான்காம் ஆண்டில் தந்தையார் இறந்தார். சின்னம்மாவுக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. வங்காலையிலிருந்து வந்த உறவினரோடு அவர் தனியே சென்றிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் செல்லவில்லை. இறால் உரிக்கும் கூலி வேலைக்குப் போனார். இறால் உரிப்போரின் விரல் நுனிகள் தோலுரிந்து வெந்து போயிருக்கும். இரவிலே தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு படுப்பார். அந்தக் கூலியிலேதான் எம் படிப்பும், தங்கையின் திருமணமும் நடந்தன.

எந்த நாளிலிருந்து அவரை "அம்மா" என்று அழைக்கத் தொடங்கினோம் என்பது எமக்கு நினைவில்லை. "லேனாள்" என்று அழைத்த நாள் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

மீண்டும் ஞானசௌந்தரி

இனி, சென்ற நத்தாருக்கு வருவோம். நாம் பெயரைச் சொல்லி வாய் மூடுமுன்னே மருமகள் தன் கணினியிலே அந்தப் படத்தைத் தேடி எடுத்துவிட்டாள். இக்காலத்துப் பிள்ளைகளுக்கு எதுவும் தொலைவில் இல்லை. வேண்டாம் என்று சொல்லக் காரணம் தேடிக்கொண்டிருக்கையில், சின்னம்மா கைத்தடியை ஊன்றி மெல்ல வந்து எம் அருகிலே அமர்ந்தார். அவருக்கு இப்போது எழுபது கடந்துவிட்டது. "என்ன படம்?" என்றார். பேர்த்தி சொன்னாள். "ஓ" என்றார்; அவ்வளவுதான்.

கறுப்பு வெள்ளைப் படம். ஆங்காங்கே கீறல். ஒலி மங்கல். ஆயினும் முதற் பாடலிலேயே எம் கண்கள் கலங்கிவிட்டன. மாதாவை மன்றாடும் அந்தப் பாடலைச் சிறுமி ஞானசௌந்தரி பாடத் தொடங்குகின்றாள். பாடல் முடிவதற்குள் அவள் வளர்ந்து பெரியவளாகிவிடுகின்றாள். அப்போது தாமும் சிறுமியாயிருந்த ஜிக்கி முற்பகுதியைப் பாட, பி. ஏ. பெரியநாயகி பிற்பகுதியைப் பாடினார். சிறு வயதிலே அது எமக்கு ஒரு வித்தையாகத் தோன்றியது. இப்போதோ, ஒரு பாட்டு நேரத்துக்குள் ஒரு பெண் வளர்ந்துவிடுவது நடவாத காரியமாகத் தோன்றவில்லை. எம் தங்கையும் அவ்வளவு விரைவிலேதான் வளர்ந்தாள்.

முன்பு கவனியாத பல காட்சிகளை இம்முறை கவனித்தோம். கையை வெட்ட வந்தவர்களின் தயக்கத்தைக் கண்டோம்; கூலிக்கு வந்தவனுக்கும் நெஞ்சு உண்டு என்பதை அன்று நாம் உணரவில்லை. யாவற்றுக்கும் மேலாக, அந்தக் கடிதத்தைக் கண்டோம். இளமையிலே கை வெட்டுண்ட காட்சியே கொடுமை என எண்ணியிருந்தோம். இப்போது கொடுமையாகப் பட்டது கடிதக் காட்சியே. வெட்டியவர் இருவர் மூவர். ஒரு தாளில் எழுதியிருந்ததை விசாரியாமல் நம்பியவரோ ஒரு வீடு முழுவதும். நல்லவர்களே நம்பினார்கள். நம்பிய மாத்திரத்திலே ஒரு பெண்ணைக் கைக்குழந்தைகளோடு காட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்த இடத்திலே எமக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒன்பது வயதிலே நாமும் அதைத்தானே செய்தோம்? மாற்றாந்தாய் என்றால் இப்படித்தான் என்று ஒரு படம் சொல்லியது. ஊரார் ஒத்துச் சொன்னார்கள். எம் கண்முன்னே எம் தங்கையைச் சுமந்துகொண்டிருந்த பெண்ணை ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, உண்மைதானா என்று ஆராயாமல் நாம் நம்பினோம்.

திரையிலே லேனாள் மீண்டும் தோன்றினாள். மருமகள், "என்ன பொம்பிளை இவள்! ராட்சசி!" என்றாள். நாம் மூச்சை அடக்கிக்கொண்டோம்.

சின்னம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார்: "அவளைத்தான் எல்லாரும் ஏசுறீங்கள். அந்த வீட்டில ஒரு தேப்பனும் இருந்தவர்தானே பிள்ளை? அவர் என்ன செய்துகொண்டிருந்தவர் எண்டு ஒருத்தரும் கேக்கிறதில்லை."

பிள்ளைகள் சிரித்தார்கள். எமக்குச் சிரிப்பு வரவில்லை. அணைந்த சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு கடலைப் பார்த்த ஒரு மனிதரின் உருவம் எம் கண்முன் வந்து நின்றது. எம் தந்தையார் நல்லவர். ஆனால் அன்றிரவு அவர் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அதை இவ்வளவு காலமும் நாம் நினைத்துப் பார்த்ததில்லை. சின்னம்மா நினைத்துப் பார்த்திருக்கிறார்.

அதற்குமேல் எம்மால் பொறுக்க முடியவில்லை. படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, முதல் நத்தாருக்கு மறுநாட் காலை முற்றத்திலே நாம் சொன்ன சொல் அவருக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டோம். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மனத்திலே கோத்து வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் தொண்டையிலே சிக்கிக்கொண்டன.

அவர் எம்மைத் திரும்பிப் பார்த்தார். மறைக்கவில்லை. "நினைவில்லாமல்? அண்டைக்கு முழுக்கச் சோறு இறங்கேல்லை எனக்கு" என்றார். சற்றுப் பொறுத்து, "நீ சொன்னது ஒருநாள் தம்பி. ஊர் சொன்னது கனநாள். ஊருக்கு நான் என்னத்தைச் சொல்ல?" என்றார். அதன் பின்பு, எலும்பும் நரம்புமாய் வற்றிப்போன தம் வலக்கையை எம் முழங்காலின்மேல் வைத்தார். அதை அங்கேயே விட்டுவிட்டு, பேர்த்தியைப் பார்த்து, "படத்தைப் போடு பிள்ளை. இனித்தான் கை வாற இடம்" என்றார்.

அப்போதுதான் எமக்கு ஒன்று விளங்கியது. சின்னம்மாவுக்கும் அந்தப் படம் பிடிக்கும்! நான்கு நத்தார்களிலும் அவர் கொட்டகைக்கு வந்தது பிள்ளைகளைக் காவல் காப்பதற்காக மட்டுமன்று. ஊரார் எந்தப் பாத்திரத்தை அவர்மீது சுமத்தினாலும், அவர் தமக்குள்ளே ஞானசௌந்தரிக்காகவே அழுதுகொண்டிருந்திருக்கிறார்.

வாசகர்களுக்கு, சிறப்பாக மாணவர்களுக்கு, ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியோர் இளமையிலே விரும்பிய படம் எது என்று கேளுங்கள். இக்காலத்தில் அதனைத் தேடி எடுப்பது கடினமன்று. அவர்களோடு அமர்ந்து பாருங்கள். பார்க்கும்போது திரையை மட்டுமன்றி அவர்கள் முகத்தையும் பாருங்கள். எங்கே அழுகிறார்கள், எங்கே மௌனமாகிறார்கள் என்று கவனித்துப் பின்பு மெதுவாகக் கேளுங்கள். கேட்பதற்கு நாம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டோம். நீங்கள் அவ்வளவு காலம் எடுக்க வேண்டியதில்லை.

கை வரும் காட்சி வந்தது. பிள்ளைகளுக்கு அந்தக் காலத்துத் தந்திரக் காட்சி வேடிக்கையாயிருந்தது. சின்னம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருடைய கை எம் முழங்காலின்மேலேயே இருந்தது.